பெரட்டுக்களத்து வானொலியும் பெரியம்மாவின் கைப்பேசியும்



'புதிய கருவிகள் நம் அன்றாட வாழ்க்கையை எப்படி மாற்றப் போகின்றன?' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இனி மாறப் போவதைச் சொல்ல ஆரூடம் தெரிந்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது. ஆனால் இதுவரை மாறியதைச் சொல்ல முடியும். நான் சிகாமட்டுக்காரன். பால்மரத் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இன்று சிகாமட் பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில் குடியிருப்பவன். எங்கள் வட்டாரத்திற்குள் ஒவ்வொரு கருவியும் எப்படி நுழைந்தது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை மணி 6.13-க்கு சிகாமட்டில் நிலம் அதிர்ந்தது. 4.1 அளவு. அதிர்வைக் கண்ட நாடுகளில் இதை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டார்கள். நமக்கோ, மலேசிய மண் ஆடாது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்! கட்டில் ஆடியது, சன்னல் கண்ணாடி படபடத்தது. நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? வாசலுக்கு ஓடவில்லை. தலையணைக்கு அடியில் இருந்த கைப்பேசியை எடுத்தேன். குழுவில் அதற்குள் பத்துப் பதினைந்து செய்திகள். 'உங்கள் வீட்டிலும் ஆடியதா?' 'லாபிஸில் தெரிந்ததா?' அடுத்த சில நிமிடங்களில் சிங்கப்பூரில் இருக்கும் மகன் அழைத்துவிட்டான்.

பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியம்மா இருக்கிறார். அவரும் தோட்டத்தில் மரம் சீவியவர்தான். அவர் என்ன செய்தார்? வானொலிப் பெட்டியைத் திருகிவிட்டு, மின்னல் எஃப்எம்மில் செய்தி எப்போது வரும் என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என் கைக்குச் செய்தி உடனே வந்தது. கூடவே பொய்யும் வந்தது. 'அடுத்த அதிர்வு இன்று இத்தனை மணிக்கு' என்று நேரம் குறித்து ஒருவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். நில அதிர்வுக்கு மணி குறித்துச் சொல்லும் விஞ்ஞானம் உலகத்தில் எங்கும் கிடையாது. பெரியம்மாவுக்குச் செய்தி தாமதமாக வந்தது. ஆனால் வந்தது செய்திதான். அடுத்த சில நாள்களில் சிறு அதிர்வுகள் தொடர்ந்தபோதும் இதே கதைதான்.

இரண்டு வீடுகள், இரண்டு கருவிகள், நடுவில் ஒரு சுவர். இந்தச் சுவர் எப்படி எழுந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கு நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருந்தது.

ஜொகூருக்கு வந்த முதல் வானொலி

மலாயாவில் வானொலி முதன்முதலில் எங்கே வந்தது? கோலாலம்பூர் என்பார்கள், சிலர் சிங்கப்பூர் என்பார்கள். இரண்டும் இல்லை, நம் ஜொகூரில்தான். 1921-ஆம் ஆண்டில் ஜொகூர் அரசாங்கத்தின் மின்பொறியாளராக இருந்த ஏ.எல். பர்ச் என்ற வெள்ளைக்காரர் முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்து, ஜொகூர் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தை அமைத்தார். ஒலிபரப்பும் செய்தார். பின்னர் கோலாலம்பூரில் ஆர்வலர் சங்கம் ஒன்று முளைத்தது. 1930-களில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் வந்தது.

1921-இல் எங்கள் தாத்தா ஜொகூரில்தான் இருந்தார். கித்தாக்காட்டில் வாளி தூக்கிக்கொண்டிருந்தார். சிகாமட்டுக்கு அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1909-இல் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை முடிந்திருந்தது. பால்கட்டிகள் அந்தப் பாதையில் சிங்கப்பூருக்குப் போயின. வானொலி அந்தப் பாதையில் எங்கள் லயத்துக்கு வரவில்லை. தாத்தா வானொலி என்ற ஒன்றைக் காதால் கேட்க இன்னும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. நேயர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு கருவி நாட்டுக்கு வந்த நாள் வேறு, நம் வீட்டுக்கு வந்த நாள் வேறு. முதல் நாளை எழுதி வைக்க ஆட்கள் உண்டு. இரண்டாவது நாளை எழுதி வைத்தவர் யார்?

இடையில் ஜப்பானியர் காலம் வந்தது. 1942 ஜனவரியில் கிம்மாசுக்கு அருகில் ஆஸ்திரேலியப் படை பதுங்கித் தாக்கியும் பயனில்லாமல், சில நாள்களில் சிகாமட்டும் ஜப்பானியர் கைக்குப் போனது. அந்த ஆட்சியில் அந்நிய நாட்டுச் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்பது குற்றம். பேராக்கில் பாப்பான் என்ற சிற்றூரில் சிபில் கார்த்திகேசு அம்மையார் வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து பிபிசி செய்தியைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னார். கெரிலாப் படையினருக்கு மருத்துவமும் பார்த்தார். 1943-இல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். போர் முடிந்து 1948-இல் அந்தக் காயங்களின் விளைவாகவே மறைந்தார். இன்று நாம் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போகும் செய்திக்கு அன்று ஒரு பெண்மணி கொடுத்த விலை அது.

அரசாங்கம் வைத்த பெட்டி

1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1948-இல் அவசரகாலம் பிறந்தது. சிகாமட், லாபிஸ், பெக்கோக் என்று எங்கள் பக்கத்துக் காடுகள் எல்லாம் கம்யூனிஸ்டுகள் நடமாடிய காடுகள். நாட்டிலேயே கடைசிவரை தொல்லை தீராத வட்டாரங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியவை. அப்போதுதான் அரசாங்கம் பொதுக் கேட்பு வானொலிகளைக் கொண்டுவந்தது. புதுக்கிராமங்களிலும் கம்பங்களிலும் தோட்டங்களிலும் மின்கலத்தில் இயங்கும் பெட்டிகளைப் பொது இடத்தில் வைத்தார்கள். ஆகாயத்திலும் விமானத்தில் ஒலிபெருக்கி கட்டிக் காட்டுக்கு மேலே பேசினார்கள்.

எங்கள் தோட்டத்தில் அந்தப் பெட்டி பெரட்டுக்களத்தை ஒட்டிய கொட்டகையில் இருந்ததாக அப்பா சொல்வார். விடியற்காலையில் பேர் கூப்பிடும் அதே இடத்தில் சாயங்காலம் தமிழ் கேட்கும். கொட்டகைச் சாவி கிராணியிடம். பெட்டியைத் திறப்பதும் மூடுவதும் அவர்தான். அரசாங்கம் அதை வைத்தது எதற்கு? காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு கொடுக்காதே, சரணடையச் சொல் என்று பிரச்சாரம் செய்வதற்கு. மக்கள் கூடியது எதற்கு? பாட்டுக்கு! அறிவிப்பு முடிந்து பாட்டு வரும்வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பார்களாம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். கருவியைக் கொடுத்தவன் நினைத்தது ஒன்று, வாங்கியவன் செய்தது ஒன்று.

இந்த ஒரு விஷயத்தில் பிற்காலத்துக் கருவிகளும் மாறவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கொட்டகையில் தனியாகக் கேட்டவர் யாரும் இல்லை. புரியாத சொல்லை யாராவது விளக்குவார்கள், பொய் என்று தோன்றினால் யாராவது 'உடுறான்யா' என்பார்கள். ஒரு கேள்வி, ஒரு மறுகேள்வி, ஒரு சிரிப்பு, அதோடு செய்தி ஆறிவிடும். அதிர்வு நாளன்று என் கைப்பேசிக்கு வந்த அந்தக் குரல் பதிவை நான் படுக்கையில் தனியாகக் கேட்டேன். ஒரு நிமிடம் நம்பவும் செய்தேன்.

கொட்டகையிலிருந்து வானொலியை வீட்டுக்கு அழைத்து வந்தது டிரான்சிஸ்டர். பழைய பெட்டிகளில் இருந்த வால்வுகள், உள்ளே இழை சூடானால்தான் வேலை செய்யும். அதற்கு நிறைய மின்சாரம் வேண்டும், கனமான மின்கலம் வேண்டும். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டருக்குச் சூடு தேவையில்லை. கைவிளக்குக்குப் போடும் பேட்டரியே போதும். 1950-களின் நடுவில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கையடக்க வானொலிகள் கடைக்கு வந்தன. எங்கள் லயத்துக்கு அது வந்தது 1960-களில். கரண்டு இல்லாத வீட்டில் வேலை செய்யும் முதல் மின்னணுக் கருவி அது. கிராணியின் சாவி தேவையில்லை. என் நினைவில் நிற்கும் முதல் கருவியும் அதுதான். தோல் உறை போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருப்பார் அப்பா. பேட்டரி தீரப்போகிறது என்றால் வெயிலில் காயவைப்பார். அது கொஞ்ச நேரத்துக்கு உயிர் பிடிக்கும்.

பத்து மணிக்கு அணையும் உலகம்

மலேசியத் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் நாள் கோலாலம்பூரில் தொடங்கியது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கிவைத்தார். அதே ஆண்டு பிப்ரவரியிலேயே சிங்கப்பூர் தொலைக்காட்சி வந்துவிட்டது. 1969-இல் இரண்டாவது அலைவரிசை, 1978-இல் வண்ணம், 1984-இல் டிவி3. வரலாற்றுப் புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும்.

எங்கள் தோட்டத்தில் மின்சாரம் என்பது ஓர் இயந்திரம். ஆலைக்குப் பின்னால் இருந்த அந்த இயந்திரம் மாலை ஆறு மணிக்கு உறுமத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு நிற்கும். துரை பங்களாவுக்கு மட்டும் நேரக் கணக்கு கிடையாது. லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு விளக்கு. இந்த நிலையில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவது எப்படி? முதலில் தோட்டத்து மனமகிழ் மன்றத்தில் ஒரு பெட்டி வந்தது. பிறகு 1970-களின் பாதியில் எங்கள் வரிசையில் ஒருவர் தவணையில் கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கினார். தீபாவளிக்குத் தமிழ்ப்படம் போடுவார்கள். படம் பத்து மணியைத் தாண்டும். இயந்திரம் தாண்டாது. கதாநாயகன் கத்தியை உருவிய நேரத்தில் உலகம் இருண்டுவிடும். எத்தனை படங்களின் முடிவு எங்களுக்குத் தெரியாமலே போயிற்று!

பிறகு அந்த வீட்டுக்காரர் ஒரு வழி கண்டார். கார் பேட்டரி. பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் சின்னப் பெட்டிகள் அப்போது இருந்தன. சைக்கிளின் பின்னால் பேட்டரியைக் கட்டி சிகாமட் பட்டணத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் மின்னேற்றி வருவார். பள்ளம் விழுந்த செம்மண் சடக்கில் அமிலம் தளும்பாமல் ஓட்டுவது ஒரு வித்தை. அந்தக் காலத்தில் பெட்டிக்கு ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணமும் உண்டு. உரிமம் பார்க்க அதிகாரி வருகிறார் என்று யாரோ கிளப்பிவிட்டால் போதும், பெட்டிக்கு மேல் போர்வை விழும். அந்தக் கட்டணம் 1999-இல் நீக்கப்பட்டது.

தோட்டத் தொழிலாளர் வீட்டுக்குக் குடிநீரும் மின்சாரமும் தருவதைச் சட்டம் கட்டாயமாக்கியது. 1966-இல் ஒரு சட்டம், 1990-இல் அதைவிட விரிவான ஒரு சட்டம். சட்டப் புத்தகத்திலிருந்து லயத்துக் கம்பி வரை வர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். எங்களுக்கு இருபத்து நான்கு மணிநேர மின்சாரம் வந்தபோது நான் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டேன். அப்பா அந்த முதல் இரவு பத்து மணிக்கு மேல் விளக்கை எரியவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று அம்மா சொன்னார்.

1980-களில் வீடியோ வந்தது. அதற்கு முன் படம் என்றால் தகவல் இலாகா வண்டி வந்து திடலில் திரை கட்டும், அல்லது தோட்ட நிர்வாகம் மாதம் ஒரு படம் போடும். பாயை எடுத்துக்கொண்டு முழுத் தோட்டமும் திடலுக்குப் போகும். வீடியோ வந்ததும் கேசட் கடையில் வாடகைக்கு எடுத்து ஒரு வீட்டில் போட்டு, தலைக்கு ஐம்பது காசு வசூலித்தார்கள். பிறகு வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. திடலில் லாலான் முளைத்தது.

தொலைக்காட்சியும் வீடியோவும்தான் தோட்டத்து நாடகக் குழுவையும் பஜனைக் குழுவையும் ஒழித்தன என்று மேடைகளில் பேசுவார்கள். நான் அப்படியே ஏற்கவில்லை. அந்த ஆண்டுகளில் வேறு ஒன்றும் நடந்தது. பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாரு தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். நாடகத்தில் ராஜபார்ட் போட்டவரே பஸ் ஏறிவிட்ட பிறகு மேடையில் யார் நிற்பது? ஆளில்லாத வீட்டில் பேசிக்கொண்டிருந்தது பெட்டி. அதன் மேல் பழி விழுந்தது. மலேசிய வானொலியில் பணியாற்றிப் பின்னர் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்புத்துறைப் பேராசிரியராக இருந்த எழுத்தாளர் ரெ. கார்த்திகேசு போன்றவர்கள் இந்நாட்டு ஒலிபரப்பின் வரலாற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒலிபரப்பியவர்களின் வரலாறு அப்படிக் கிடைக்கிறது. லயத்தில் உட்கார்ந்து கேட்டவர்களின் வரலாற்றையும் யாராவது எழுத வேண்டும் என்பது என் ஆசை.

1996-இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் தொலைக்காட்சி வந்தது, வானவில் வந்தது. நாள் முழுவதும் தமிழ். அதைப் பற்றி நேயர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடிதம், தந்தி, கைப்பேசி

எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு தொலைபேசி. அது ஆபீசில் இருந்தது. தொழிலாளிக்கு அதில் அழைப்பு வந்தால் சாவுச் செய்தி என்று பொருள். ஊரிலிருந்து வரும் நீல நிற விமானக் கடிதம் நல்லது கெட்டது இரண்டையும் சுமந்து வரும். தந்தி கெட்டதை மட்டுமே சுமக்கும். தந்திக்காரர் சைக்கிள் லயத்துக்குள் திரும்பினாலே பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொள்வார்கள். (இந்தியா அந்தத் தந்திச் சேவையை 2013 ஜூலையில் நிறுத்திக்கொண்டது.)

கைத்தொலைபேசி இந்நாட்டுக்கு 1985-இலேயே வந்துவிட்டது. 'ஆத்தூர்' என்று பெயர். நம்ம ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று அப்போது வேடிக்கையாகப் பேசிக்கொள்வோம். காரில் பொருத்துவதற்கும் பெட்டிபோல் தூக்கிக்கொண்டு போவதற்கும் ஏற்ற கருவி. விலை பல ஆயிரம் வெள்ளி. முதலாளிமார் கையில் பார்த்ததோடு சரி. பிறகு 1990-களில் பல நிறுவனங்கள் வந்தன. அப்போதும் கணக்குத் திறக்க விண்ணப்பம் வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும், வைப்புத்தொகை வேண்டும். நாள்கூலிக்கு ஏது சம்பளச் சீட்டு?

இந்தக் கதவை உடைத்தது எது? புதிய கண்டுபிடிப்பு எதுவும் அல்ல. முன்கூட்டியே பணம் கட்டும் அட்டைதான். 1990-களின் இறுதியில் பிரீபெய்டு வந்ததும், யாருடைய தயவும் இல்லாமல் பத்து வெள்ளிக்கு அட்டை வாங்கித் தேய்த்துவிட்டுப் பேசலாம் என்ற நிலை வந்தது. 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர் இடுப்பிலும் நோக்கியா தொங்கியது. என்னைக் கேட்டால் இதில் பெரிய புரட்சி கைப்பேசி அல்ல, அதற்குப் பணம் கட்டும் முறை.

ஆனால் அந்தக் கைப்பேசிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நாம் ஆங்கில எழுத்தைக் கூட்டித் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினோம். 'வா' என்பதும் 'வ' என்பதும் ஒன்றாகி, 'பள்ளி' எது 'பல்லி' எது என்று தெரியாமல் எத்தனை குழப்பம்! இதை மாற்ற முனைந்தவர்களில் முன்னணியில் நின்றவர் நம் நாட்டவரே. கணினியில் தமிழ் எழுத 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன்தான் 2005-ஆம் ஆண்டு பொங்கலன்று சிங்கப்பூரில் 'செல்லினம்' என்ற செயலியை வெளியிட்டார். கைப்பேசியில் தமிழிலேயே எழுதி அனுப்ப வழி பிறந்தது.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழ் எழுத்துக்கான பொதுக் குறியீட்டு முறையில் எழுதினால் 70-தான். அதிலும் 'கி' என்பது நமக்கு ஓர் எழுத்து, இயந்திரத்துக்கு இரண்டு. ஆக, தாய்மொழியில் எழுதியவன் ஒரே சேதிக்கு இரண்டு மூன்று மடங்கு கட்டணம் செலுத்தினான். யாரும் நம்மை வஞ்சிக்க வேண்டும் என்று திட்டமிடவில்லை. கருவியை அமைத்தவர்களின் மனத்தில் நாம் இல்லை, அவ்வளவுதான். இணையம் வழியே செய்தி அனுப்பும் வாட்ஸ்அப் பரவியபோது இந்தக் கணக்கு ஒழிந்தது. 2013-இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை வந்தது. ஆனாலும் பாருங்கள், இன்றைக்கும் எங்கள் குடும்பக் குழுவில் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் எழுதுகிறார்கள். தமிழ் எழுத்து வரும்முன்பே கை பழகிவிட்டது.

இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்த அட்டை

பெரியம்மாவிடம் திரும்புவோம். 2019 அக்டோபர் 31-ஆம் நாளோடு நாடு முழுவதும் பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, எண்ணிம முறைக்கு மாறியது. உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு மாற்றிப் பெட்டியை அரசாங்கம் இலவசமாகவே கொடுத்தது. ஆனால் அதை யாராவது பொருத்தித் தர வேண்டுமே? 'டிவி செத்துப்போச்சு தம்பி' என்று என்னிடம் வந்து சொன்னார். டிவி சாகவில்லை. காற்றில் வந்துகொண்டிருந்த அலைதான் நின்றுவிட்டது. பக்கத்துப் பையன் வந்து பெட்டியை மாட்டும்வரை ஒரு வாரம் அவர் திரையில் ஒன்றும் இல்லை.

அடுத்த ஆண்டு பெருந்தொற்று. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. ஏப்ரலில் மைசெஜாத்ரா செயலி. கடைக்குள் போகக் கட்டத்தைக் கைப்பேசியால் பிடிக்க வேண்டும். கைப்பேசி இல்லாதவர்கள் புத்தகத்தில் எழுதலாம் என்பது விதி. ஒருநாள் பட்டணத்தில் ஒரு கடை வாசலில் பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். புத்தகம் இல்லையாம், வாசலில் இருந்த பையன் உள்ளே விடவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது: 'எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னு சொன்னேன் தம்பி.' பெரியவரான பிறகு முதியோர் வகுப்பில் எழுதப் படித்தவர் அவர். ஒரு காலத்தில் கைநாட்டு வைத்ததற்காக வெட்கப்பட்டு, எழுத்தைக் கற்று, அந்த வெட்கத்தைக் கடந்து வந்தவரிடம் மறுபடியும் 'உனக்குத் தெரியாது' என்று ஒரு வாசல் சொல்கிறது. அன்று நான் பெரியம்மாவுக்கு ஒன்றும் பதில் சொல்லவில்லை. அந்த மாதமே என் பழைய கைப்பேசி ஒன்றை அவருக்குக் கொடுத்தேன்.

எதிர்மாறான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2001 செப்டம்பரில் மைகார்ட் வந்தது. அடையாள அட்டைக்குள் ஒரு சில்லு. பணம் செலுத்தலாம், சாலைக் கட்டணம் கட்டலாம் என்று பெரிதாகப் பேசப்பட்டது. நம்மில் எத்தனை பேர் அந்தச் சில்லைப் பயன்படுத்தினோம்? பணப்பையில் தூங்கியது. 2025 ஆகஸ்ட் 31-இலிருந்து பெரியவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு 100 வெள்ளி சாரா உதவி அந்த அட்டைக்குள் வந்தது. செப்டம்பர் இறுதியில் சலுகை விலைப் பெட்ரோலும் அதே அட்டை வழியாக வந்தது. பெரியம்மா அட்டையை நீட்டினார். அரிசியும் எண்ணெயும் வாங்கினார். செயலி இல்லை, கடவுச்சொல் இல்லை, பேரப்பிள்ளை துணைக்கு வர வேண்டியதில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் பழைய தொழில்நுட்பம், அன்று அவருக்குப் புத்தம் புதியது. புதுக்கருவி என்றால் ஏன் எப்போதும் கைப்பேசியையே நினைக்கிறோம் என்று அன்று எனக்குத் தோன்றியது. இளையவர்களுக்கு எது எளிது என்று பார்த்துக் கருவி செய்கிறார்கள். வயதானவர் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்துச் செய்தால் இப்படி வரும்.

இப்போது பேசும் இயந்திரங்களின் காலம். எழுதத் தேவையில்லை, விசை தேவையில்லை, வாயால் கேட்டால் போதும் என்கிறார்கள். கேள்விப்பட்டதும் எனக்கு மகிழ்ச்சிதான். எழுத்து கடினமாக இருப்பவர்களுக்கு இதைவிட எளிய வாசல் ஏது? 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும், பிறகு 2011-லும் 2023 மார்ச்சிலும் சிகாமட்டை வெள்ளம் மூழ்கடித்தது. மழைக்காலம் வந்தாலே எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆற்றில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று வாயால் கேட்டு, காதால் பதில் பெற முடிந்தால் பெரியம்மாவைப் போன்றவர்களுக்கு அது உயிர்காக்கும் கருவி.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, நான் சொல்லிக்கொடுத்தபடி அவர் கைப்பேசியை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு கேட்டார்: 'சடக்குல தண்ணி ஏறிருச்சா?'

திரையில் எழுத்து வந்தது. 'சடங்குல தண்ணி ஏறிருச்சா?' என்று. சடக்கு என்றால் சாலை என்பது அதற்குத் தெரியவில்லை. சென்னைத் தமிழைக் கேட்டுப் பழகிய இயந்திரமாக இருக்க வேண்டும். சடங்குகளைப் பற்றி ஏதோ பதில் சொல்லத் தொடங்கியது. பெரியம்மா இரண்டாவது முறை கேட்டார், மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல். மறுபடியும் சடங்குதான்.

மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். 'இது நம்ம பக்கத்துப் பிள்ள இல்ல போலிருக்கு தம்பி' என்றார். கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய், மழைச் சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.

'இன்னும் இல்ல பாட்டி' என்றான் அவன். 'கணுக்கால் அளவுதான்.'